மறுதலை உண்மையாக இருக்க வேண்டியதில்லை

என் பெயரின் முதலெழுத்தில் கணிதத்தில் ஒரு கணம், அதாவது ஒரு செட், இருக்கிறது. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். என் பெயர் கருணாகரன். கணத்தின் பெயர் சாஃப்ட் கே-மூடிய கணம். மாநில மாநாடு ஒன்றில் அதை அறிமுகம் செய்தபோது, கே என்பது எதைக் குறிக்கிறது என்று யாரோ கேட்டார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு "கோலார்" என்றேன். பிறந்த மண்ணை மறக்காத மனிதர் என்று கைதட்டி, சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை இப்போது எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அதுவாவது நேர்மையாக உழைக்கிற ஒன்றின் மேல் கிடக்கட்டும்.

கணிதத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என் அனுபவத்தைக் கேட்டிருக்கிறீர்கள். நான் விருப்ப ஓய்வில் வந்தவன். யாருடைய விருப்பம் என்று கேட்காமல் விட்டீர்கள், அதற்கு நன்றி. அனுபவம் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு வைவாதான், ஒரு டாக்டரேட் வாய்மொழித் தேர்வுதான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் சரக்கு. நீங்களும் இதே கடையில்தான் நிற்கிறீர்கள், ஆனாலும் ஒருமுறை வெளியாள் மாதிரி பாருங்கள். எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள். தண்ணீர் வருகிற வீடுகள் எவை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பவை எவை, மழைக்கு ஒழுகாதவை எவை என்று ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல்களின் தொகுப்புதான் ஒரு சாஃப்ட் செட். இந்தத் துறையில் கட்டுரை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க வீடுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை யாரும் குடிபோனதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட செட்டுகளில் சிலவற்றைப் பொறுக்கி, "இவை திறந்தவை" என்று அறிவித்தால் அது டோபாலஜி. இஷ்டத்துக்கு அறிவிக்க முடியாது. திறந்தவை இரண்டைச் சேர்த்தால் வருவதும் திறந்தவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்த விதியை ஞாபகத்தில் வையுங்கள். ஒரு பெண்ணின் வேலை இதில்தான் போயிற்று.

திறந்ததின் மறுபக்கம் மூடியது. மூடியதற்கான நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால் ப்ரீ-மூடியது, செமி-மூடியது, ஆல்பா, பீட்டா. எழுத்து தீர்ந்துபோனால் தலையில் ஒரு நட்சத்திரம். இதற்குப் பொதுமைப்படுத்துதல் என்று பெயர். புதுக் கணம் ஒன்றைப் பெற்றெடுத்தவுடன் நாம் எழுதுகிற வாக்கியம் உங்களுக்கே மனப்பாடம்: "ஒவ்வொரு பழைய கணமும் புதிய கணமே. மறுதலை உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் எடுத்துக்காட்டைப் பார்க்க." நம் பிழைப்பு முழுக்க அந்த எடுத்துக்காட்டில் தொங்குகிறது. புதியதாக இருந்து பழையதாக இல்லாத ஒரே ஒரு செட்டையாவது காட்டினால்தான் புதியது புதியது. காட்ட முடியாவிட்டால் பழைய ஆளுக்குப் புதுச் சட்டை. அந்தச் சட்டையின் மேல் கட்டுகிற தொடர்ச்சி, இறுக்கம், இணைப்பு எல்லா அத்தியாயங்களும் பழையவைதான், பெயர் மட்டும் வேறு.

என் ஆராய்ச்சிக்கு ஒரு கைடு இருந்தார். ஓய்வுக்குப் பிறகு வேலூர்ப் பக்கம் போய்விட்டார். தொழிலை எனக்கு ஒரே வரியில் கற்றுக்கொடுத்தவர் அவர். "தேற்றத்தைப் பத்து பேர் பாப்பான்யா. எக்ஸாம்பிளை எவனும் பாக்க மாட்டான்." அவருடைய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, எல்லாச் சொற்களுக்கும் முன்னால் "சாஃப்ட்" என்று சேர்த்துத்தான் நான் கே-மூடிய கணத்தைக் கண்டுபிடித்தேன். ப்ரீ-மூடியதை இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் கே-மூடியது. எடுத்துக்காட்டுக்கு மூன்று வீடு, இரண்டு குணம், அரை மணி நேரம். கட்டுரையைப் பரிசீலித்தவர் என் ஆங்கிலத்தைச் சரிசெய்யச் சொன்னார். கூடவே தன்னுடைய நான்கு கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார். இரண்டையும் செய்தேன். அச்சில் வந்தது.

அதற்கப்புறம்தான் எஸ்தர் என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தார். வீடு மாரிகுப்பம். காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்புகிறவர். ஒப்பந்த வேலை. "ஜூன்ல காலேஜ் தொறக்கறப்ப டாக்டரேட் இருந்தா பர்மனென்ட், இல்லன்னா வேற ஆளு சார். பிரின்சிபால் மூஞ்சிமேலயே சொல்லிட்டாரு" என்று முதல் நாளே சொன்னார். அவருக்கு நான் என் கே-யையே கொடுத்தேன். சாஃப்ட் கே-தொடர்ச்சியான சார்புகள் பற்றி மூன்று அத்தியாயங்கள் எழுதினார். வெளியூர்த் தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்துவிட்டன, எல்லாம் பரிந்துரைதான், இரண்டு எழுத்துப்பிழை தவிர. மே மாதத்தில் வைவாவுக்குத் தேதி குறித்தாயிற்று.

அதற்கு முந்தின வாரம் காலையில் ரயிலிலிருந்து போன் வந்தது.

"சார், உங்க எக்ஸாம்பிள்ல ரெண்டாவது செட்டையும் மூணாவது செட்டையும் சேர்த்தா இன்னா சார் வரும்?"

"இன்னா வரும்? லிஸ்ட்ல இருக்கறதுல ஏதாச்சும் ஒண்ணு வரும்."

"வரல சார்."

"ரயில் ஆடுதும்மா. உக்காந்து போட்டுப் பாரு."

"உக்காந்துதான் சார் போட்டேன். மாரிகுப்பத்துலயே ஜன்னல் சீட்டு. மூணு வாட்டி போட்டுட்டேன்."

பொறுமையான கைடு எப்படிப் பேசுவாரோ அந்தக் குரலில், "சரி, சேர்த்து வர்றதையும் லிஸ்ட்ல போட்டுடேன். ஒண்ணு கூடும், அவ்ளோதானே" என்றேன்.

"போட்டேன் சார். போட்டா நம்ம செட்டு ப்ரீ-மூடியதாவே ஆயிடுது. எக்ஸாம்பிளே செத்துடுது."

பங்காருப்பேட்டைக்குப் பிறகு சிக்னல் போய்விட்டது. அதற்குள் எனக்கும் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எஸ்தர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேறு எடுத்துக்காட்டு தேடினோம். மூன்று வீடு போதவில்லை என்று நான்கு வீடு. அதுவும் போதவில்லை என்று ஐந்து. ஒவ்வொரு முறையும் கே-மூடியதாக அகப்பட்ட செட் கடைசியில் ப்ரீ-மூடியதாகவே முடிந்தது. முடிவிலி வீடுகளுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னபோது எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கெடைக்காது சார்."

"பொறும்மா. இன்னும் தேடலாம்."

"இல்ல சார், கெடைக்கவே கெடைக்காது. ஒரே ஒரு புள்ளிய எடுத்துக்கோங்க. அது ப்ரீ-திறந்ததா இருக்கணும், இல்ல ப்ரீ-மூடியதா இருக்கணும். மூணாவது வழி இல்ல. நம்ம செட்டுக்கு வெளிய இருக்கற புள்ளி ஒண்ணு உள்ள வரப் பாக்குதுன்னு வெச்சிக்கோங்க. திறந்ததா இருந்தா அதுவே தனக்கு வேலி, வர முடியாது. மூடியதா இருந்தா நம்ம டெபனிஷனே அத வெளிய தள்ளிடுது. எப்படியும் வர முடியாது. அப்ப நம்ம செட்டு ஏற்கெனவே ப்ரீ-மூடியதுதான். கே-ன்னு ஒண்ணு இல்லவே இல்ல சார்."

மூன்று வரி. நான் அதில் ஓட்டை தேடினேன். இத்தனை வருஷ அனுபவத்தில் நான் மனதார முயற்சி செய்து ஒரு நிரூபணத்தைப் படித்தது அன்றைக்குத்தான். ஓட்டை இல்லை. எங்கள் ஊரில் தங்கம் இருந்தது, தோண்டினார்கள், தீர்ந்துபோனது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் சுரங்க ஷாஃப்ட் இறக்கி, லெவல் லெவலாக ஆள் அனுப்பியது வெறும் பாறைக்குள்.

கைடுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னாய்யா நீ, பத்திரிகை அடிச்சி, பந்தல் போட்டு, பந்தி போடற நேரத்துல மாப்பிள்ளைக்கு ஒரு காது கேக்காதுன்னு சொல்றியே" என்றார்.

"ரெண்டு காதும் கேக்காது சார். மாப்பிள்ளையே இல்ல."

"தாலி கட்டட்டும்யா. அப்புறம் பாத்துக்கலாம். எக்ஸாம்பிளை எவனும் பாக்க மாட்டான்."

தீசிஸைத் திரும்ப வாங்கித் திருத்தலாம். திருத்தினால் ஜூன் போய்விடும். நானும் எஸ்தரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவைச் சொன்னது நான். "கேக்காம சொல்ல வேணாம். கேட்டா பொய் சொல்ல வேணாம்." இதைச் சொன்னபோது எனக்கு என்மேலேயே மதிப்பு வந்தது. நேர்மைக்கும் பிழைப்புக்கும் நடுவில் எவ்வளவு அழகாக நூல் பிடித்துவிட்டேன்! எஸ்தர் மட்டும், "யாரும் கேக்க மாட்டாங்க இல்ல சார்?" என்று இரண்டு முறை கேட்டார். யார் கேட்பார்கள் என்றேன்.

இளைஞர்களே, பொது வைவாவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருஷத்தில் நீங்களும் அதைச் செய்வீர்கள். சபையிலிருந்து கேள்வி வராவிட்டால் கௌரவக் குறைவு. கண்டதையும் கேட்டுவிட்டால் ஆபத்து. அதனால் கைடே கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, நம்பகமான ஆட்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். பதில் ஸ்லைடில் தயாராக இருக்கும். நானும் கொடுத்திருந்தேன். தேதி குறித்த அன்றே கொடுத்துவிட்டேன், எஸ்தரின் போன் வருவதற்கு முன்னால். கொடுத்ததையே மறந்துவிட்டேன்.

வைவா அன்று எங்கள் கல்லூரி செமினார் ஹால் நிறைந்திருந்தது. சமோசா இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் டோபாலஜிக்கும் ஹால் நிறையும். எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்வரிசையில் நடுவில். இனிமையான மனிதர், கே-யை வைத்து அவரும் கட்டுரை எழுதியிருக்கிறார். எஸ்தர் நன்றாகப் பேசினார். எடுத்துக்காட்டு ஸ்லைடு வந்தபோது அதைப் படிக்காமல் அடுத்ததற்குப் போனார். எக்ஸ்டர்னல் இரண்டு கேள்வி கேட்டார்: இதன் பயன்பாடுகள் என்ன, எதிர்காலத்தில் எப்படி விரிவாக்கலாம். இரண்டுக்கும் நாம் எல்லாரும் சொல்கிற பதிலை எஸ்தரும் சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன். சமோசாவின் வாசனை நிஜமாகவே நன்றாக இருந்தது.

"சபையிலிருந்து யாராவது?" என்றார் எக்ஸ்டர்னல்.

சம்பத் எழுந்தார். எங்கள் துறையில் விரிவுரையாளர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், சொன்ன வேலையைத் தவறாமல் செய்கிறவர். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தபோதுதான் எனக்கு அது என் கையெழுத்து என்று ஞாபகம் வந்தது. என்ன எழுதியிருந்தேன் என்பதும் ஞாபகம் வந்தது.

"மேடம்" என்று சம்பத் கணீரென்று படித்தார். "கே-மூடியதாக இருந்து, ப்ரீ-மூடியதாக இல்லாத ஒரு சாஃப்ட் செட்டைக் காட்ட முடியுமா? கேட்டபின் உட்காரவும்."

உட்கார்ந்தார்.

எஸ்தர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் எடுத்துக்காட்டு ஸ்லைடு திரும்ப வரும். ஹால் முழுக்கத் தலையாட்டும். ஜூனில் வேலை நிரந்தரம். நான் தலையசைத்ததாகவும், அதற்கப்புறம்தான் எஸ்தர் சாக்பீஸை எடுத்ததாகவும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது அதுவல்ல. நான் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் போர்டு பக்கம் திரும்பிவிட்டார்.

"அப்படி ஒரு செட் இல்லை" என்றார். மூன்று வரியையும் எழுதினார். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்தார்.

"தீசிஸ்ல ஒரு எக்ஸாம்பிள் இருக்கே?" என்றார் எக்ஸ்டர்னல்.

"அது தப்பு சார். அதுல இருக்கறது டோபாலஜியே இல்ல. ரெண்டு செட்டைச் சேர்த்தா வர்றது லிஸ்ட்ல இல்ல."

நான் எழுந்துவிட்டேன். என் வாழ்க்கையின் ஒரே வீரச் செயல்; கவனியுங்கள். "அந்த எடுத்துக்காட்டு என்னுடையது, என் கட்டுரையில் இருந்து வந்தது. தவறு என்னுடையது, கண்டுபிடித்தது மாணவி" என்று ஆரம்பித்தேன்.

"மாணவி பதில் சொல்றப்ப கைடு பேசக் கூடாது சார், ரூல்" என்றார் எக்ஸ்டர்னல். "உட்காருங்க."

உட்கார்ந்தேன். சம்பத்துக்காவது "உட்காரவும்" என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு துறைத்தலைவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸ்டர்னலும் நானும். அவர் முன்னால் சமோசாத் தட்டு.

"அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன் சார்?"

"பதில் ஸ்லைடுல இருந்துது."

அவர் ஒரு சமோசாவைக் கையில் எடுத்தார். "இந்த கே-யை வெச்சி ரெண்டு பேருக்கு நான் டாக்டரேட் வாங்கிக் குடுத்திருக்கேன், தெரியுமா?"

"அவங்க கதி?"

"அவங்களுக்கு இன்னா? அவங்க வைவாவுல யாரும் கேக்கல."

நான் வாதாடிப் பார்த்தேன். தீசிஸில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும்விட அந்த மூன்று வரிதான் கணிதம், அதற்கே பட்டம் கொடுக்கலாம் என்றேன். அவர் சமோசாவை இரண்டாகப் பிட்டார். "மூணு வரிக்கு எப்படி சார் டாக்டரேட் குடுப்பாங்க? அந்தப் பொண்ணு போர்டுல எழுதாம இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஹால் முழுக்கப் பாத்துட்டாங்களே." அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முயற்சி செய்தேன். முழுப் பொய்யில் கையெழுத்துப் போடலாம், பொய் என்று நிரூபித்த பிறகு போட முடியாது. எங்கள் தொழிலில் அதுவும் ஒரு ஒழுக்கம்தான். திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

வராந்தாவில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஜூன்?"

சமோசாத் தட்டோடு அந்த வழியாக வந்த சம்பத் என் காதருகில் குனிந்து, "சார், கேள்வியக் கரெக்டா படிச்சேன் இல்ல?" என்றார்.

ஜூனில் கல்லூரி திறந்தது. எஸ்தரின் இடத்தில் வேறு ஆள். நல்ல பையன் என்று கேள்வி. அவன் தீசிஸ் சாஃப்ட் கே-தொடர்ச்சியைப் பற்றியது. எக்ஸ்டர்னல் சொன்ன இரண்டு பேரில் ஒருவன். எஸ்தர் மூன்று அத்தியாயங்களையும் எடுத்துவிட்டு, வேறு ஏதோ எழுதிச் சமர்ப்பித்து, பிறகு எப்போதோ பட்டம் வாங்கினார். அது வந்தபோது அதைக் காட்டுவதற்கு ஒரு கல்லூரியும் காத்திருக்கவில்லை. பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் செய்ததில் தப்பு கண்டுபிடித்தால் அங்கே சம்பளம் தருகிறார்கள்.

என் கட்டுரை வந்த பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். எங்கள் வாசகர்கள் புதிய கணங்களையே விரும்புகிறார்கள் என்று பதில் வந்தது. அதற்கப்புறமும் ஒரு பருவம் அதே வகுப்பில் நின்று, "மறுதலை உண்மையாக இருக்க வேண்டியதில்லை" என்று போர்டில் எழுதினேன். எழுதும்போதெல்லாம் எதிர்வரிசையில் சம்பத் சட்டைப் பையில் கைவிடுவது போல இருந்தது. ஓய்வு கேட்டேன். கேட்ட வேகத்தில் கிடைத்தது. என் கட்டுரை மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. புதிய கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. கடைசியாகப் பார்த்ததில் கே என்றால் "கெர்னல்" என்று ஒருவர் விளக்கம் எழுதியிருந்தார். கோலாரும் போயிற்று.

உங்களுக்குப் புத்திமதி என்று கேட்டால், எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பாருங்கள், தேற்றத்தை அப்புறம் எழுதலாம். இன்னொன்று, "கேட்டால் சொல்லலாம்" என்று நான் பிடித்த நூலை நீங்கள் பிடிக்காதீர்கள். அந்த நூலின் ஒரு முனை எப்போதும் உங்களைவிட இளையவர் கழுத்தில்தான் இருக்கும். சொல்வதென்றால் கேட்பதற்கு முன்னால், நீங்களே, மேடையில் அவரை ஏற்றுவதற்கு முன்னால் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை.

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்கப் பெங்களூர் போனேன். சாம்பியன் ரீப்ஸில் ஏறினால், ஜன்னல் சீட்டில் எஸ்தர். பக்கத்தில் இடம் கொடுத்தார். வேலை எப்படி என்று கேட்டேன். "நடக்குது சார், தப்புக்குப் பஞ்சமே இல்ல" என்றார். ரயில் உரிகம் தாண்டியது. பிறகு, பல நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எஸ்தர், என் சர்வீஸ் முழுக்க நான் கூட இருந்து பார்த்த ஒரே நிஜத் தேற்றம் உன்னோட அந்த மூணு வரிதாம்மா. அது புதுசு. அத யாராலயும் எடுத்துக்க முடியாது."

ரயில் சத்தத்துக்கு எஸ்தர் ஜன்னலை இறக்கினார்.

"அதுவும் புதுசு இல்ல சார். சாதா டோபாலஜில யாரோ எப்பவோ போட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்க. தீசிஸைத் திரும்ப எழுதறப்பதான் பாத்தேன். நாம முன்னாடி 'சாஃப்ட்'னு சேர்த்துகினோம், அவ்ளோதான். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க சார். பங்காருப்பேட்டைல கூட்டம் ஏறும்."